ஒரே கிருமி, ஒரே மருந்து, இரண்டு ரிப்போர்ட்



போன செமஸ்டர்ல எங்க ஹாஸ்டல்ல நடந்த ஒரு விஷயத்துல இருந்து தொடங்குறேன். இன்டர்னல் டெஸ்ட் நேரம். பக்கத்து ரூம் நண்பன் ஒருத்தனுக்குக் காய்ச்சல். தலைவலி தாங்கலன்னு சொன்னான். லைட்டைப் போட்டா கண்ணு கூசுதுன்னான். "ராத்திரி முழுக்க முழிச்சா இப்படித்தான்"னு கிண்டல் பண்ணிட்டு, ஒரு பாராசிட்டமாலைக் கொடுத்து, லைட்டை அணைச்சிட்டு வந்துட்டோம். மறுநாள் காலையில் எழுப்பப் போனா பேச்சு குழறுது. கழுத்தைக் குனிய முடியல. ஆம்புலன்ஸ் வரவழைச்சு ஹாஸ்பிட்டலில் சேர்த்தோம்.

மூளைக்காய்ச்சல். முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டிய நீர், அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கி இருந்ததாம்.

மூன்றாம் நாள் லேப் ரிப்போர்ட் வந்தது. கிருமியின் பெயர் நிமோகாக்கஸ். அதற்குக் கீழே எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்று ஒரு பட்டியல். அதில் பெனிசிலின் மட்டும் இரண்டு முறை வந்திருந்தது. "பெனிசிலின், மூளைக்காய்ச்சலுக்கு: கட்டுப்படாது." அடுத்த வரி, "பெனிசிலின், மற்ற நோய்களுக்கு: கட்டுப்படும்."

டைப்பிங் மிஸ்டேக்னு நினைச்சு டாக்டர்கிட்டயே கேட்டோம். "மிஸ்டேக் இல்லப்பா. இதே கிருமி நுரையீரல்ல இருந்திருந்தா பெனிசிலின் ஊசியே போதும். மூளையில இருக்கிறதால போதாது"ன்னு சொன்னார்.

ஒரே கிருமி, ஒரே மருந்து. இடம் மாறினால் விடை எப்படி மாறும்? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

டேட்டாஷீட்டும் சைட்டும்

நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரியே சொல்றேன். ஒரு மோட்டாரின் டேட்டாஷீட்டில் இத்தனை கிலோவாட் என்று போட்டிருக்கும். அது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், ஒரு குறிப்பிட்ட வோல்டேஜில் அளந்த எண். அதே மோட்டாரைக் கொண்டுபோய் சூடும் தூசியுமாக இருக்கும் சைட்டில் மாட்டினால் அந்த எண் அப்படியே கிடைக்காது. மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. டெஸ்ட் நடந்த இடம் வேறு, வேலை பார்க்கும் இடம் வேறு.

ஆன்டிபயாட்டிக்குக்கும் ஒரு டேட்டாஷீட் எண் உண்டு. எம்.ஐ.சி. என்பார்கள். சத்துள்ள ஒரு திரவத்தில் கிருமியை விட்டு, மருந்தை வெவ்வேறு அளவில் கலந்து, சுமார் 35 டிகிரியில் ஒரு நாள் வைப்பார்கள். கிருமி கண்ணுக்குத் தெரியும்படி வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு எதுவோ, அதுதான் எம்.ஐ.சி. எங்க நண்பனின் கிருமிக்கு பெனிசிலின் எம்.ஐ.சி. மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம்.

லேப்பில் இருப்பது சத்து நிறைந்த திரவம். மூளையைச் சுற்றி இருப்பது முற்றிலும் வேறு ஒரு திரவம். அந்த சைட் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவோம்.

மூளையைச் சுற்றி ஓடும் நீர்

நம் மூளையும் முதுகுத் தண்டுவடமும் ஒரு தெளிந்த நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. மூளைத் தண்டுவட நீர் என்று அதற்குப் பெயர். பெரியவர்களிடம் எந்த நேரத்திலும் இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர்தான். ஒரு டீ டம்ளர் அளவு. ஆனால் ஒரு நாளைக்குப் புதிதாகச் சுரப்பது சுமார் 500 மில்லிலிட்டர். அதாவது பழைய நீர் வடிந்து புது நீர் வருவது தினமும் மூன்று முறைக்கு மேல் நடக்கிறது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஏழு மணி நேரத்துக்கு ஒரு முறை. உள்ளே வந்த மருந்தும் இந்த ஓட்டத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருக்கும்.

இந்த நீரில் புரதம் மிகக் குறைவு. ரத்தத்தின் சீரத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் புரதம் இருக்கும். இங்கே 15 முதல் 45 மில்லிகிராம்தான். நூறு மடங்குக்கும் மேல் குறைவு. சர்க்கரை ரத்தத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஐந்துக்கும் கீழே. நலமாக இருக்கும்போது இது ஆளில்லாத வீடு மாதிரி. சுத்தமாக இருக்கும், ஆனால் காவலுக்கு யாரும் கிடையாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

கதவும் மோட்டாரும்

ஊசியில் போட்ட மருந்து முதலில் ரத்தத்துக்குப் போகிறது. ரத்தத்திலிருந்து இந்த நீருக்குள் வருவது அவ்வளவு சுலபம் இல்லை. 1913-ல் எட்வின் கோல்ட்மன் என்ற விஞ்ஞானி ஒரு நீலச் சாயத்தை வைத்து இதைக் காட்டினார். சாயத்தை விலங்கின் ரத்தத்தில் செலுத்தினால் உடம்பெல்லாம் நீலமாகும், மூளை மட்டும் நிறம் மாறாது. அதே சாயத்தை மூளைத் தண்டுவட நீரில் செலுத்தினால் மூளை நீலமாகும், உடம்பில் சாயம் ஏறாது. நடுவில் ஏதோ ஒரு தடுப்பு இருக்கிறது என்பது அதில் தெளிவானது.

உடம்பின் மற்ற இடங்களில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்ச் சுவரில் செல்களுக்கு இடையே சிறு இடைவெளி உண்டு. மூளையின் குழாய்களில் அந்தச் செல்கள் இடைவெளியே இல்லாமல் இறுகப் பொருந்தியிருக்கின்றன. அதனால் ஒரு மருந்து உள்ளே வர, செல்லின் கொழுப்புச் சவ்வையே கடந்தாக வேண்டும். சிறிய மூலக்கூறாக, கொழுப்பில் கரைவதாக இருந்தால் கடந்துவிடும். பெரியதாகவோ நீரில் மட்டும் கரைவதாகவோ இருந்தால் வாசலிலேயே நிற்கும். பெனிசிலின் நீரில் கரைவது. வான்கோமைசின் அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் எடையுள்ள மூலக்கூறு. இரண்டுக்குமே கஷ்டம்தான்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ரத்தத்தில் பல மருந்துகள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். ஒட்டாமல் தனியாக இருக்கும் பங்குதான் தடுப்பைத் தாண்ட முடியும். செஃப்ட்ரியாக்ஸோன் என்ற மருந்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஒட்டியே இருக்கும். மிச்சம் உள்ள ஒரு பங்குதான் வரிசையில் நிற்கவே முடியும்.

சரி, கஷ்டப்பட்டு உள்ளே வந்தாச்சு. அதோடு முடிஞ்சுதா? அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் மழைத் தண்ணி புகுந்தால் மோட்டார் போட்டு வெளியே இறைப்பார்கள் இல்லையா, அதே வேலையை இந்த நீரைச் சுரக்கும் திசுவும் செய்கிறது. அங்கே உள்ள புரத பம்புகள் பெனிசிலினைப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. 1974-ல் டேசி, சாண்டே என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் முயல்களுக்கு புரோபெனிசிட் என்ற மருந்தைக் கொடுத்து இந்த பம்பை மடக்கிப் பார்த்தார்கள். நீரில் பெனிசிலின் அளவு ஏறியது.

கதவு, பம்பு, ஓட்டம் மூன்றும் சேர்ந்தால் மிச்சம் எவ்வளவு? நலமாக உள்ளவருக்கு ரத்தத்தில் இருக்கும் பெனிசிலினில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் உள்ளே இருக்கும். மூளைக்காய்ச்சலின்போது அது ஐந்து முதல் பத்துப் பங்கு வரை ஏறும். ஏன் ஏறுகிறது என்பதைப் பிறகு சொல்றேன்.

உள்ளே வந்த பிறகு நடப்பது

"குறைவா இருந்தாலும் எம்.ஐ.சி. அளவைத் தொட்டா போதாதா?" என்று கேட்கலாம். நுரையீரலில் ஓரளவு போதும். காரணம், அங்கே மருந்து தனியாகச் சண்டை போடுவதில்லை. மருந்து கிருமியின் வளர்ச்சியை நிறுத்தினால் மிச்ச வேலையை உடம்பு முடித்துவிடும். ஆன்டிபாடிகளும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் கிருமியின் மேல் போய் ஒட்டும். அந்த ஒட்டலைப் பிடித்துக்கொண்டுதான் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கும். நிமோகாக்கஸ் மேல் வழுவழுப்பான ஓர் உறை இருக்கிறது. பிடிமானம் இல்லாவிட்டால் அதை விழுங்குவது கடினம்.

மூளைத் தண்டுவட நீரில் புரதம் மிகக் குறைவு என்று பார்த்தோம். ஆன்டிபாடியும் காம்ப்ளிமென்டும் புரதங்கள்தானே, அவையும் இங்கே பற்றாக்குறை. மூளைக்காய்ச்சலில் வெள்ளை அணுக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிகின்றன. நீர் கலங்குவதே அதனால்தான். ஆனால் கூட்டம் கூடுமே தவிர வேலை நடக்காது. கிருமி ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிப் பெருகும்.

ஆகவே இங்கே கிருமியைக் கொல்லும் முழுப் பொறுப்பும் மருந்தின் மேல். வளர்ச்சியை நிறுத்தினால் மட்டும் போதாது, கொன்றே ஆக வேண்டும். முயல்களில் நடந்த ஆய்வுகளில், கொல்லத் தேவையான குறைந்தபட்ச அளவைப்போல் சுமார் 10 மடங்கு மருந்து நீரில் இருந்தால்தான் கிருமி வேகமாகச் செத்தது.

இந்தப் பாடம் மனிதர்களிடம் மிகக் கசப்பாகக் கற்கப்பட்டது. 1951-ல் லெப்பர், டவுலிங் என்ற அமெரிக்க மருத்துவர்கள் நிமோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பெனிசிலினோடு ஆரியோமைசினும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்கள் 14 பேர். ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தால் நல்லதுதானே என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த 14 பேரில் 79 சதவீதம் பேர் இறந்தார்கள். அவர்களை ஒத்த நிலையில் பெனிசிலின் மட்டும் பெற்றவர்களில் இறந்தது 21 சதவீதம்.

ஏன் இப்படி? பெனிசிலின், கிருமி புதுச் சுவர் கட்டும்போது அந்தக் கட்டுமானத்தைக் கெடுத்துக் கொல்லும். வளர்ந்தால்தான் சுவர் கட்டும். ஆரியோமைசின் வளர்ச்சியையே நிறுத்திவிடும். வேலை நின்றுபோன சைட்டில் பெனிசிலின் எதைக் கெடுக்கும்? உடம்பின் மற்ற இடங்களில் இந்தக் குறையைப் பாதுகாப்பு அணுக்கள் ஈடுகட்டலாம். இந்த நீரில் ஈடுகட்ட ஆள் இல்லை.

இதே காரணத்தால் இன்னொரு சிக்கலும் வருகிறது. இந்த நீரில் சத்து குறைவு. லேப் திரவத்தில் வளரும் வேகத்தில் கிருமி இங்கே வளராது. மெதுவாக வளர்வதால் பெனிசிலின் வகை மருந்துகள் கொல்வதும் மெதுவாகிறது. ஜென்டமைசின் மாதிரி மருந்துகளுக்குப் பிரச்சினை வேறு. மூளைக்காய்ச்சலில் லாக்டிக் அமிலம் சேர்ந்து நீரின் பி.எச். அளவு குறையும். அமிலம் கூடினால் ஜென்டமைசின் கிருமிக்குள் நுழைவதே குறைந்துவிடும். லேப்பில் நன்றாக வேலை செய்த மருந்து இங்கே சோர்ந்துபோகும்.

இப்போ அந்த இரண்டு வரிக்கு வருவோம்

ஒரு தோராயக் கணக்கு போடலாம். பெரிய அளவில் பெனிசிலின் ஊசி போட்ட பிறகு ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எங்க நண்பனின் கிருமிக்கு எம்.ஐ.சி. 1. நுரையீரலுக்கு ரத்தம் தாராளமாகப் போகிறது. தேவையைப் போல் 20 மடங்கு மருந்து கைவசம் இருக்கிறது. கட்டுப்படும்.

மூளைத் தண்டுவட நீரில் ரத்தத்தில் உள்ளதில் 5 சதவீதம் என்று எடுத்தால் 1 மைக்ரோகிராம். எம்.ஐ.சி.யும் 1. இங்கே வேண்டியது அதைப்போல் பத்து மடங்கு. இருப்பதோ ஒரு மடங்கு. கட்டுப்படாது.

அதே 1 மைக்ரோகிராம், எம்.ஐ.சி. 0.06 உள்ள கிருமிக்குப் பத்து மடங்குக்கும் மேல் வரும். அந்தக் கிருமி மூளையில் இருந்தாலும் கட்டுப்படும்.

லேப்கள் பின்பற்றும் அளவுகோலும் இதையே சொல்கிறது. நம் நாட்டு லேப்கள் பலவும் பயன்படுத்தும் சி.எல்.எஸ்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பின் வரம்புகள் 2008-ல் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. பெனிசிலின் ஊசிக்கு நிமோகாக்கஸ் கட்டுப்படும் என்று சொல்ல, மற்ற நோய்களில் எம்.ஐ.சி. 2 வரை இருக்கலாம். மூளைக்காய்ச்சல் என்றால் 0.06-ஐத் தாண்டக்கூடாது. இரண்டுக்கும் நடுவே முப்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம். கிருமி அதேதான், மாறியது அது உட்கார்ந்திருக்கும் இடம்.

அதனால்தான் எங்க நண்பனுக்கு ரிப்போர்ட் வரும் முன்பே செஃப்ட்ரியாக்ஸோனும் வான்கோமைசினும் சேர்த்துத் தொடங்கியிருந்தார்கள். நிமோனியாவுக்கு செஃப்ட்ரியாக்ஸோன் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை, ஒன்று அல்லது இரண்டு கிராம். மூளைக்காய்ச்சலுக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 2 கிராம்.

குணமாகும்போது மூடும் கதவு

மூளைக்காய்ச்சலின்போது மருந்து அதிகமாக உள்ளே போகிறது என்று சொன்னேன் இல்லையா? காரணம் வீக்கம். கிருமியைக் கண்டு உடம்பு கொதிக்கும்போது அந்த இறுக்கமான செல் இணைப்புகள் தளர்கின்றன. பம்புகளும் மந்தமாகின்றன. நோயே மருந்துக்கு வழி திறந்துவிடுகிறது.

ஆனால் அதே வீக்கம்தான் மூளையையும் காதின் உள்பகுதியையும் சேதப்படுத்துகிறது. கிருமி செத்து உடையும்போது வெளியே சிந்தும் பொருள்கள் வீக்கத்தை இன்னும் கிளப்பும். அதனால் முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக்குக்குச் சற்று முன்போ அதோடு சேர்த்தோ டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். 2002-ல் வெளியான, 301 பெரியவர்களை வைத்து நடந்த ஐரோப்பிய ஆய்வில் இது இறப்பை 15 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைத்தது. ஆனால் வீக்கம் குறைந்தால் கதவும் சாத்திக்கொள்ளும். டெக்ஸாமெதசோன் கொடுத்த முயல்களில் வான்கோமைசின் உள்ளே போவது குறைந்தது. மூளையைக் காப்பாற்றும் மருந்து, கிருமியைக் கொல்லும் மருந்துக்கு வழியை அடைக்கிறது. இரண்டையும் பார்த்துத்தான் டாக்டர்கள் டோஸை முடிவு செய்கிறார்கள்.

நான்காம் நாள் எங்க நண்பனுக்குக் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து பேசினான். அவன் வீட்டில், "இனி மாத்திரையா எழுதிக் கொடுங்க, ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம்"னு கேட்டாங்க. நாங்களும் சரின்னுதான் நினைச்சோம். டாக்டர் ஒத்துக்கல. பதினாலு நாளும் ஊசி, அதே டோஸ்.

இப்போ காரணம் உங்களுக்கே புரிஞ்சிருக்கும். அவன் தேறத் தேற வீக்கம் வடிகிறது, கதவு மூடுகிறது. நான்காம் நாள் போடும் அதே ஊசியிலிருந்து உள்ளே போகும் பங்கு முதல் நாளைவிடக் குறைவு. உடம்பு நல்லாயிருக்குன்னு டோஸையும் குறைத்தால் உள்ளே போவது இரட்டிப்பாகக் குறையும். மிச்சம் இருக்கும் கிருமிக்கு அது கொண்டாட்டம்.

காசநோய் மூளைக்கு வந்தாலும் இதே கதைதான். நுரையீரல் காசநோய்க்குக் கொடுக்கும் மருந்துகள்தான் இங்கேயும் அடிப்படை. ஐசோனியாசிட் மிகச் சிறிய மூலக்கூறு, சுலபமாக உள்ளே போகும். ரிஃபாம்பிசின் கொஞ்சம்தான் போகும். எத்தாம்புட்டாலும் அப்படித்தான். நுரையீரலுக்கு வழக்கமாக ஆறு மாதம் என்றால், மூளைக்கு 9 முதல் 12 மாதம்.

நேரா உள்ளேயே ஊத்தினா என்ன?

இன்ஜினியரிங் மூளைக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கதவு பிரச்சினைன்னா கதவைச் சுத்திப் போயிடலாமே? குடல்வகைக் கிருமிகளால் மூளைக்காய்ச்சல் வந்த பச்சிளங்குழந்தைகளுக்கு மூளையின் நீரறைக்குள்ளேயே ஜென்டமைசினைச் செலுத்திப் பார்த்த ஆய்வு 1980-ல் வெளியானது. அந்தக் குழந்தைகளில் சுமார் 43 சதவீதம் இறந்தன. ரத்தத்தில் மட்டும் மருந்து பெற்றவற்றில் சுமார் 13 சதவீதம். கிருமி ஒரேயடியாகச் செத்து நச்சுப்பொருள் மொத்தமாகச் சிந்தியது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. இன்றும் மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும், வேறு மருந்துக்கு அடங்காத தொற்றுகளில் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது கடைசிக் கட்ட ஆயுதம், முதல் வழி இல்லை.

நாம் செய்ய வேண்டியது

மருந்தைத் தேர்வு செய்வது டாக்டர் வேலை. நம்ம கையில் இருப்பது நேரம். காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு அல்லது மயக்கம். இந்த நான்கும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2004-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் மூளைக்காய்ச்சல் வந்த பெரியவர்களில் 95 சதவீதம் பேருக்கு இந்த நான்கில் இரண்டாவது இருந்தது. காய்ச்சல், கழுத்து விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்து இருந்தது 44 சதவீதம் பேருக்குத்தான். ரூம்மேட்டுக்குக் காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, பேச்சு மாறினாலோ, வலிப்பு வந்தாலோ, தோலில் ஊதாப் புள்ளிகள் தெரிந்தாலோ வார்டனை எழுப்புங்க, 108-க்கு அடிங்க. அது நடுராத்திரியாக இருந்தாலும் சரி.

இன்னொன்று. டிராயரில் மிச்சம் கிடக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்த அளவு, இந்த நீருக்குள் போய்க் கிருமியைக் கொல்லாது. ஆனால் பிறகு எடுக்கும் நீரில் கிருமி லேப்பில் வளராமல் போக மட்டும் அது போதும். அப்புறம் எந்தக் கிருமி, எந்த மருந்து என்று சொல்லும் அந்த ரிப்போர்ட்டே கிடைக்காது.

எங்க நண்பன் ஒன்றரை மாதத்தில் காலேஜுக்குத் திரும்பி வந்துட்டான். அரியர் எழுதிட்டான். வலது காது மட்டும் இனி கேட்காது. அதனால கிளாஸ்ல எப்பவும் பெஞ்சின் வலது ஓரத்தில் உட்காருவான், நாங்க எல்லாரும் அவனுக்கு இடப்பக்கம். அன்னைக்கு ராத்திரி லைட்டை அணைச்சிட்டு வந்தது நான்தான். இந்தக் கட்டுரையை எழுதணும்னு தோணினதுக்கு அதுவே காரணம்.